பச்சைத் தண்ணீரும் அணைத்த சூடமும்

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் யாராவது இறால் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து உரித்தால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். விரதக்காரி, வாடை ஆகாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் விரதம் உண்டுதான். ஆனால் கதவைச் சாத்துவது அதற்காக இல்லை. இறாலைப் பார்த்தால் என் அண்ணன் முகம் வருகிறது. அந்த முகம் எனக்கு வேண்டாம்.

மனசில் கிடப்பதை எழுதினால் ஆறிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஆறுவதற்காக நான் எழுதவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது இன்னதுதான் என்று ஓர் இடத்தில் இருக்கட்டும். ஊரில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

நான் பிறந்தது பசுவந்தனை. கட்டிக்கொடுத்தது குளத்தூருக்கும் கிழக்கே, கரிசல் முடிந்து உப்புத் தரை ஆரம்பிக்கிற இடத்தில். எங்கள் புன்செய்க் காட்டின் வரப்பில் நின்று மேற்கே பார்த்தால் பருத்தியும் கொத்தமல்லியும் தெரியும். கிழக்கே பார்த்தால் வைப்பாறு கடலில் போய் விழுகிற முகத்துவாரம். ஆறு என்று பேர்தானே ஒழிய, ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் சில நாள் ஓடும், அவ்வளவுதான். ஓடுகிற அந்தச் சில நாளில் மேற்கே உள்ள காடுகளில் போட்ட உரம், ஆட்டுப் புழுக்கை, மக்கின சருகு, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தில் கொட்டும். அங்கே நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்து தேங்கி நிற்கும். மழை வெறித்து வெயில் அடித்ததும் அந்தத் தண்ணீர் பச்சை பிடிக்கும். அகத்திக் கீரையை அரைத்துக் கரைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

கடலே அப்படிப் பச்சையாகிப்போவதும் உண்டு. கடற்கரைக்காரர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். பூங்கோரை வந்தால் மீன் ஒதுங்கிப்போகும், வலை வெறுமையாய் வரும் என்று எங்கள் ஊருக்கு வருகிற மீன்காரி புலம்புவாள். அது எங்கள் காதில் ஏறியதே இல்லை. மானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள் நாங்கள். எங்கே பச்சை தெரிந்தாலும் கை கூப்புகிறவர்கள். பச்சையில் கெட்டது இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னாலும் புரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கமெல்லாம் இறால் பண்ணை வந்தது. பசுவந்தனையில் மழை ஏமாற்றிக்கொண்டே இருக்க, என் அண்ணன் மதினியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் காட்டை ஒட்டினாற்போல் கிடந்த உவர்த் தரையைக் குத்தகைக்குப் பேசி முடித்துக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான். நில உடைமைக்காரர் வீட்டுக்கு அவர்தான் அலையாய் அலைந்தார். குளம் வெட்டி முடிகிறவரைக்கும் அண்ணனும் மதினியும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒரே அடுப்பு, ஒரே பானை. இதையும் யாரும் இப்போது சொல்வதில்லை.

முகத்துவாரத்து உப்பங்கழியிலிருந்து இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்துக் குளத்தை நிரப்பினார்கள். தூத்துக்குடியிலிருந்து தீவனக் கம்பெனி ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். அவர்தான் இறால் குஞ்சுக்கும் தண்ணீருக்கும் யோசனை சொல்கிறவர். கறுப்பும் வெள்ளையும் பூசின வட்டத் தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். தகடு எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பார். சீக்கிரம் மறைந்தால் பச்சை கூடிப்போச்சு என்று அர்த்தம். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பாசி இருக்கிறது, அதற்குப் பேர் பிளாங்டன், அதுதான் பச்சைக்குக் காரணம் என்றார். இறால் குஞ்சுக்கு அது கொஞ்சம் வேண்டும். ஆனால் ஆற்றுமுகத் தண்ணீரில் ஏற்கெனவே சத்து கிடக்கிறது, யூரியாவை ஒரு தடவை தூவிப் பச்சை பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அண்ணன் நிறுத்தவில்லை. கம்பங்காட்டில் பயிர் வெளுத்தால் மேலுரம் போட்டுப் பழகின கை அது. குளத்துத் தண்ணீர் ஒரு மாற்று வெளுத்த மாதிரி கண்ணுக்குப் பட்டால் ஒரு சட்டி யூரியா, கூடவே சூப்பர் பாஸ்பேட். தகடு அவனுக்கு விளையாட்டுச் சாமான். கரையில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பான், ஏதோ அறுப்புக்கு நிற்கிற வயலைப் பார்க்கிற மாதிரி.

"பாருட்டி, நம்ம காட்டுல எந்த வருசம் இப்படிப் பச்சையக் கண்டிருக்கோம்?" என்றான் என்னிடம்.

தண்ணீரைச் சுழற்றிக் காற்று ஏற்ற ஒரு சக்கரம் வாங்கிப் போட்டிருந்தான். டீசல் இன்ஜினில் ஓடும். அதை உச்சி வெயிலில் ஓட்டுவான், பொழுது அடைந்ததும் நிறுத்துவான். வெயிலில்தான் உயிருக்குக் கஷ்டம், சாயங்காலம் குளிர்ச்சி வந்துவிடுமே, பிறகு எதற்கு டீசலை எரிப்பது என்பான். வெயில் கொல்லும், மேகம் காப்பாற்றும். எங்கள் காட்டில் அது சரிதான். தண்ணீருக்குள் அது தலைகீழ் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவனிடம் கம்பெனி ஆள் சொல்லியிருந்தார், அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் வித்தியாசம்.

ஒரு வெள்ளாமை தப்பாமல் எடுத்தான். அதற்குள்ளேயே எங்கள் காட்டில் உப்பு ஏறிவிட்டது. குளத்துத் தண்ணீர் கரைக்கு அடியில் கசிந்து எங்கள் பக்கம் வந்தது. வரப்போரம் பருத்தி மஞ்சளடித்து நின்றது. மண்ணின் மேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை பூத்தது. என் வீட்டுக்காரர் சத்தம் போடாத மனுசர். நடுவில் ஒரு வடிகால் மட்டும் வெட்டு மச்சான், கசிவு அதோடு போய்விடும் என்று கேட்டார். உப்புக் காத்து அடிக்கிற ஊரில் மண்ணு பூக்காமல் என்ன செய்யும் என்று அண்ணன் திருப்பிக் கேட்டான். இரண்டாம் தடவை கேட்டபோது, குத்தகை பிடித்துத் தந்த தெம்பில் அதிகாரம் பண்ணுதீரோ என்றான். மூன்றாம் தடவை என் வீட்டுக்காரர் போகவில்லை. அதற்குள் அவர்கள் குளத்துக் கரையில் கொட்டகை போட்டுக் குடிபோயிருந்தார்கள். தெருக்குழாயில் என்னைப் பார்த்தால் மதினி குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, சிலபேருக்கு அடுத்தவன் நல்லா இருந்தால் கண்ணு அவிந்துபோகும் என்று குழாயிடம் சொல்வாள்.

அந்தக் கார்த்திகையில் மழையே இல்லை. பருத்தி காய் பிடிக்கிற நேரம். நான் எங்கள் ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அம்மன் கேட்டாள். மூடாக்குப் போட்டது. நாலைந்து நாள் சூரியனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பெரிய மழை இல்லை, தூறல்தான். காற்று அசையவில்லை, கரைக்கு அந்தப் பக்கம் குளம் பச்சை வார்னிஷ் அடித்த பலகை மாதிரி கிடந்தது. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

மூடாக்குப் போட்டால் பருத்தியில் காய்ப்புழு இறங்கும். தூறல் விட்ட ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் முதுகில் கைத்தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தார். உப்பு ஏறாத மேலப் பாதியில் மட்டும்தான் அடித்தார். தெளிப்பானை எங்கள் கிணற்றடியில்தான் கழுவினார். அவர் மருந்து அடித்ததை ஊரே பார்த்தது. அந்த வாடை காற்றில்லாமல் அப்படியே கவிந்து நின்றதும் ஊருக்கே தெரியும்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்னே கரையிலிருந்து சத்தம். ஓடினோம். அந்த மாதிரி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. குளத்து இறால் முழுக்கக் கரையோரத்துக்கு வந்து மீசையை வெளியே நீட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கூடவே கழியிலிருந்து உள்ளே வந்துவிட்ட சின்ன மீன்கள் வாயை மேலே வைத்துப் பிளந்து பிளந்து மூடின. கொக்கும் காக்கையும் இறங்கிவிட்டன. செத்தது மிதந்தது, சாகப்போவது துடித்தது.

அண்ணன் நேரே என் வீட்டுக்காரரிடம் வந்தான். சட்டையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"வடிகால் வெட்டலன்னு மருந்த ஊத்திட்டீரு, இல்ல மாப்ளே?"

"மச்சான், நான் ஏன் ஊத்துதேன்? உம்ம தங்கச்சி சோறு போட்ட வீடுவே அது."

"சோறு போட்ட கைதான் வெசமும் வைக்கும்."

மதினி குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள். எங்கள் பக்கம் பார்த்துத் தூற்றினாள். என் மகள் பேரைச் சொல்லித் தூற்றினாள். அவளுக்கு அப்போது பத்து வயதுதான். அந்த மண் என் முகத்தில் வந்து விழுந்ததைவிட, அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான் பாருங்கள், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இன்னும் ஒன்றையும் அங்கேயே நின்று பார்த்தேன். சண்டையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முற்பகலில் மேகம் விலகி வெயில் சுள்ளென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில், சாகாமல் மிஞ்சிக் கிடந்த இறாலெல்லாம் கரையை விட்டு விலகி உள்ளே இறங்கிப்போய்விட்டது. விஷம் குடித்த உயிர் வெயில் அடித்ததும் எழுந்து நடக்குமா? பருத்தி மருந்தின் வீரியம் எங்களுக்குத் தெரியாததா?

கம்பெனி ஆள் மத்தியானம் வந்தார். தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார். தகட்டை இறக்கினார். இறக்கின உடனே மறைந்துபோனது, அரை முழக் கயிறுகூட நனையவில்லை. சக்கரத்தை எப்போது ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். பகலில் என்று அண்ணன் சொன்னதும் அவர் தலையில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, பகல்ல வெயில் இருந்தா அந்தப் பாசியே தண்ணிக்கு மூச்சு குடுக்கும். ராத்திரியில அதுவே மூச்சு வாங்கும். இம்புட்டுப் பாசி வாங்கினா இறாலுக்கு என்ன மிஞ்சும்? நாலு நாளா வெயிலே இல்ல. குடுத்தது ஒண்ணுமில்ல, வாங்கினதுதான். விடியும் முன்ன சுத்தமாத் தீந்துபோச்சு. ராத்திரில ஓட்டவேண்டிய சக்கரத்தப் பகல்ல ஓட்டியிருக்கீங்க."

எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை என்று ஒரு பாடம் படித்தோம். இலை வெயிலைக் குடித்துத் தனக்குச் சோறு ஆக்கிக்கொள்ளும், நமக்கு நல்ல காற்றைத் தரும் என்று டீச்சர் சொன்னார்கள். ராத்திரியில் புளியமரத்துக்குக் கீழே படுக்காதே, மூச்சு முட்டும் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளையிலிருந்தே சொல்வார்கள். அந்தக் குளம் முழுக்கப் புளியந்தோப்பு. அதைத் தண்ணீருக்குள் வளர்த்தது என் அண்ணன். சட்டி சட்டியாய் உரம் போட்டு வளர்த்தான்.

அண்ணனுக்கும் புரியாமல் இல்லை. அவன் மூளை உள்ளவன். புரிந்தால் கேடு முழுக்க அவன் தலையில் இறங்கும். அதனால் புரியவில்லை என்று வைத்துக்கொண்டான்.

ஊர்க் கூட்டம் கோயில் முன்னால் கூடியது. வேண்டுமென்றே விஷம் வைத்தவனைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். கம்பெனி ஆளை நான்தான் ஆள் அனுப்பி வரவழைத்தேன். அவர் வந்து பொறுமையாய்ச் சொன்னார். எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். பகலில் கொடுத்துவிட்டு ராத்திரியில் திருப்பி வாங்குதா, எங்க மாமியா மாதிரி இருக்கே என்றான் ஒருத்தன். அதற்கு மேல் கம்பெனி ஆள் சொன்னது எதுவும் எடுபடவில்லை. தீவனம் விற்கிறவன், மறுபடி குளத்தில் குஞ்சு விட்டால்தானே அவனுக்குப் பிழைப்பு, அவன் இப்படித்தான் சொல்வான் என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

பிறகு அவன் கேட்டது சூடம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாட்சி இல்லாத வழக்கில், குற்றம் சொல்கிறவன் அம்மன் முன்னால் பீடத்தில் சூடத்தை ஏற்ற வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் நான் செய்யவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பொய்யாய் அணைத்தால் அவன் வம்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள். வழக்கு அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஏற்றின வீட்டுக்கும் அணைத்த வீட்டுக்கும் அன்றிலிருந்து தண்ணீர் புழங்காது, நெருப்பு புழங்காது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் நிரபராதி. அணைத்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அப்படியிருந்தும் நான் அவரை அணைக்க விடவில்லை. ஏன் என்று அப்போதும் பலபேர் கேட்டார்கள். நான் அம்மனை நம்புகிறவள். நம்புகிறவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். வரப்புச் சண்டைக்கு அவளை நடுவில் இழுத்து நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையாய் அணைத்தாலும் அந்தச் சூடு வீட்டுக்குள் வரும் என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பு. அதோடு அவன் என் கூடப் பிறந்தவன். என் மகளுக்கு அவன் ஒருத்தன்தான் தாய்மாமன். அவள் ஆளானால் சடங்குக் குடிசைக்கு ஓலை கட்டவேண்டியவன், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கவேண்டியவன். சூடம் அணைந்தால் அதுவும் அணைந்தது.

நான் கொட்டகைக்கே போனேன். அண்ணே, சூடம் வேண்டாம், நஷ்டத்தில் பங்கு கேட்டால்கூட யோசிப்போம், அம்மனை மட்டும் இழுக்காதே என்றேன். அவன் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தான். தலை தூக்கவில்லை. மதினிதான் பேசினாள்.

"கை சுத்தமா இருந்தா சூடத்துக்கு என்ன பயம்? நீ மழைக்கு நேந்துக்கிட்டது எதுக்குன்னு இப்பத்தான தெரியுது. மூடாக்கு வந்தா மருந்து அடிக்கச் சாக்கு கிடைக்கும்லா."

இப்படியும் ஒரு பேச்சு உண்டா? என் நேர்ச்சையை எடுத்து என் மேலேயே எறிந்தாள். நான் திரும்பி வந்தேன். வருகிற வழியெல்லாம் வாயில் உப்புக் கரித்தது.

நாங்கள் அணைக்க மறுத்ததை ஊர் வேறு விதமாய் எடுத்துக்கொண்டது. அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி எடுக்க வந்தவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். வரி எடுக்காத வீடு என்றால் அம்மனுக்கு ஆகாத வீடு. பொங்கல் வைக்க முடியாது, தீச்சட்டி எடுக்க முடியாது, பூசாரி கையால் திருநீறு கிடையாது. நான் வாசலில் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் என்னைப் பார்க்காமல் போகிறார்கள். புருசன் குடிகாரனாய் இருந்தால் தாங்குவேன், காடு வெளுத்தாலும் தாங்குவேன். அது எனக்குத் தாங்காது. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் அம்மன். ஒருவரை விட்டால்தான் இன்னொருவர் என்று ஆக்கிவிட்டான் என் கூடப் பிறந்தவன்.

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன் அண்ணன விட்டுரு. அம்மைய விடமுடியாது," என்றார்.

வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கக் கூடியிருந்தது. நான் ஈரச் சேலையோடு நின்றேன். அண்ணன் பீடத்தில் சூடத்தை வைத்தான். தீக்குச்சி முதலில் முறிந்தது, இரண்டாவது அணைந்தது. பூசாரி அவனைப் பார்த்து, யோசித்துக்கோ, இப்பக்கூட எடுத்துரலாம் என்றார். அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால்கூட நிறுத்தியிருப்பான் என்று நினைக்கிறேன். அவன் பார்க்கவில்லை. மூன்றாவது குச்சியில் பற்றவைத்தான்.

என் வீட்டுக்காரர் சத்தம் போடாமல்தான் சொன்னார். "தாயே, இவிய குளத்துல நான் ஒரு சொட்டும் ஊத்தல. ஊத்தியிருந்தா நீ கேளு." உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்தபோது கை கறுத்திருந்தது. பூசாரி எங்களுக்குத் திருநீறு கொடுத்தார். மறுநாளே வரி எடுக்க வந்தார்கள்.

அன்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டே இல்லாத மாதிரி இருந்தோம். என் மகள் ஆளானாள். தாய்மாமன் கட்டவேண்டிய ஓலையை என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட மைத்துனர் வந்து கட்டினார். குளத்துக் கரையிலிருந்து இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஒரு வடிகால்கூட வெட்டவில்லை. காடு முழுக்க வெளுத்துப்போனது. பருத்தி போட்ட இடத்தில் உப்புத் தரையில் வளர்கிற உமரிச் செடி முளைத்தது. என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் ஒரு பருத்திக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். நாங்களும் வந்துவிட்டோம். இங்கே செண்பகவல்லித் தாயி இருக்கிறாள். அவள் சன்னிதியில் போய் நின்றால் எனக்கு ஊர் ஞாபகம் வருவதில்லை.

நாங்கள் வந்த பிறகு ஒரு மழைக் காலத்தில் அந்தக் குளம் மறுபடியும் அதே மாதிரி செத்தது. அதே மூடாக்கு, அதே காற்றில்லாத பச்சை, அதே விடியும் நேரம். பக்கத்தில் பருத்தி இல்லை, மருந்து இல்லை, மருந்து அடிக்க ஆளும் இல்லை. இறால் கரையில் ஏறிக் கிடந்ததாம், வெயில் வந்ததும் மிஞ்சினது உள்ளே இறங்கினதாம். மீன்காரிதான் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாவம் என்பீர்கள். சந்தோஷப்பட்டேன்.

என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த சமயம் அண்ணன் வந்தான். எட்டயபுரம் வழியாக வருகிற பஸ்ஸில், நல்ல வெயில் நேரத்தில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றான். வாசல்படியை மிதிக்கவில்லை. தலை நரைத்திருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

சத்தியத்தை முறிக்க ஒரு வழி உண்டு. இரண்டு வீடும் சேர்ந்து அம்மன் முன்னால் போய், மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒரே செம்பில் குடித்தால் முறிந்துவிடும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தான். பூசாரியிடம் பேசிவிட்டேன், வருகிற வெள்ளி வாருங்கள், என் மருமகள் கழுத்தில் மாலை நான் எடுத்துக் கொடுக்க வேண்டாமா என்றான்.

"வாரோம்," என்றேன். "குடிக்கும் முன்னால ஊர் கேக்க ஒண்ணு சொல்லணும். குளத்தக் கெடுத்தது இவிய இல்ல, நான் போட்ட உரமும் நான் வளத்த பச்சையும்தான்னு. சூடம் ஏத்தின அதே இடத்துல நின்னு சொல்லணும்."

அவன் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதான் முடிஞ்சிபோச்சேட்டி. நேரம் சரியில்ல, ஏதோ நடந்துபோச்சு. அம்புட்டுத்தான் சொல்ல முடியும்."

"நேரத்து மேல யாரும் சூடம் ஏத்தலயே. இவிய மேலதான ஏத்துனீங்க?"

அவனை நான் 'நீங்க' என்று பேசினது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அது உறைத்தது, முகத்தில் தெரிந்தது. என் வீட்டுக்காரர் மெல்ல, விடு, பிள்ளை கல்யாணம், போகட்டும் என்றார். அவர் அப்படித்தான். அவர் கை கறுத்ததை அவரே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

"ஒரு செம்பு தண்ணி குடு," என்றான் அண்ணன். தாகத்துக்குக் கேட்டானோ, கொடுத்துவிட்டால் அங்கேயே முறிந்ததாக ஆகிவிடும் என்று கேட்டானோ, எனக்குத் தெரியாது. வெயில் கடுமைதான். எனக்குப் பின்னால் மண்பானையில் தண்ணீர் இருந்தது.

நான் அசையவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, அவள் வீட்டுச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். செம்பை அவளிடமே கொடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

கல்யாணத்தன்று தாய்மாமன் சீர் என்று ஒரு தாம்பாளத்தை யார் கையிலோ கொடுத்தனுப்பியிருந்தான். பட்டுச் சேலை, பூ, மஞ்சள், ஒரு மோதிரம். மண்டப வாசலிலேயே நிறுத்தி, வாங்காமல் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்த ஆள் தயங்கினார். மகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாலையை அந்த ஒன்றுவிட்ட மைத்துனர்தான் எடுத்துக் கொடுத்தார். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது.

அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். குளம் வறண்டு வெடித்துக் கிடக்கிறதாம். செண்பகவல்லித் தாயிடம் நான் எல்லோருக்காகவும் வேண்டுகிறேன், தெருவில் உள்ளவர்களுக்காகக்கூட. அவனுக்காக வேண்டுவதில்லை. அவன் போய் அந்தப் பீடத்துக்கு முன்னால் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லட்டும். சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறுவேன். சொல்லாதவரைக்கும் என் வீட்டில் அவனுக்குத் தண்ணீர் இல்லை.